பாஸ் மீன் வேட்டை: கருவியும் கட்டுப்பாடும்

மீன்பிடித்தல் இருவகைப்படும். வயிற்றுக்காகப் பிடிப்பது ஒன்று. மனமகிழ்ச்சிக்காகப் பிடிப்பது மற்றொன்று. கரைவலை இழுப்போர்க்கும் நடுக்கடலில் வலைவிரிப்போர்க்கும் மீன் எவ்வளவு பட்டது என்பதே முதற்கேள்வி. பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோனுக்கோ அது எவ்வாறு பட்டது என்பதே முதற்கேள்வியாகும். அவன் மீனோடு ஒரு விளையாட்டை ஆடுகின்றான். விளையாட்டு என்று வந்துவிட்டால் அதற்கு விதிகளும் வேண்டும் அல்லவா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விரண்டாம் வகை மீன்பிடிப்பு ஒரு கலையாகவும், அதனையொட்டிய கருவித் தொழில் ஒரு பெருந்தொழிலாகவும் வளர்ந்துள்ளன. அந்நாட்டின் நன்னீர் வாவிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தூண்டிலிடுவோர் பெரிதும் விரும்பித் தேடும் மீன் பாஸ் என்பதாகும். இந்த ஒரு மீனை ஏமாற்றுவதற்காகக் கடிகாரம் போன்ற நுணுக்கமுடைய உருளைகளும், மோட்டார் வண்டியின் விலையை எட்டும் வள்ளங்களும், நீரின் அடியைக் காட்டும் மின்கருவிகளும் தோன்றியுள்ளன. இவை எவ்வாறு பிறந்தன, எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், கருவி வலுப்பெற வலுப்பெற மனிதன் தன் கைக்குத் தானே எல்லை வகுக்க நேர்ந்த வரலாற்றையும் அறிவது பயனுடையதாகும்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பாஸ் என்னும் பெயர் பல மீன்களுக்கு வழங்குவது. நம் நாட்டுக் களப்புகளிலும் கழிமுகங்களிலும் கிடைக்கும் கொடுவாயையும் ஆங்கிலத்தில் கடற்பாஸ் என்ற பொருள்படவே அழைப்பர். ஆயினும் இங்குக் கூறப்படும் அமெரிக்க மீன் வேறு. அது வட அமெரிக்காவின் நன்னீருக்கே உரிய சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனுள் பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்னும் இரண்டும் தூண்டிற்காரரிடையே பெயர் பெற்றவை. சிறுவாய்ப் பாஸ் குளிர்ந்து தெளிந்த, கற்பாங்கான நீரை நாடும். பெருவாய்ப் பாஸ் இளஞ்சூடான, நீர்ப்பூண்டுகள் மண்டிய, அமைதியான நீரை நாடும். அதன் மேல்தாடை கண்ணுக்கும் அப்பால் நீண்டிருக்கும். பசுமை படர்ந்த உடலின் பக்கவாட்டில் ஒரு கருங்கோடு வால்வரை ஓடும். இரண்டு மூன்று இறாத்தல் நிறையுள்ளவையே பெரும்பாலும் அகப்படும். பத்து இறாத்தல் மீனைப் பிடித்தவன் அதனை வாழ்நாள் முழுதும் சொல்லி மகிழ்வான்.

பெருவாய்ப் பாஸ் துரத்திச் சென்று உண்பதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதையே விரும்பும். நீரில் மூழ்கிய மரக்கட்டை, பூண்டுகளின் விளிம்பு, பாலத்தின் தூண், துறையின் நிழல் ஆகியவற்றின் அருகே அசையாது நிற்கும். சிறுமீனோ தவளையோ நண்டுபோன்ற நன்னீர்ப் பிராணியோ எட்டும் தொலைவில் வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து அதனை உறிஞ்சிவிடும். பசியில்லாத வேளையிலும், திடீரென முன்னே தோன்றி அசையும் பொருளை அது சினந்து கவ்வுவதுண்டு. பாஸ் மீன் வேட்டைக்குரிய கருவிகள் அனைத்தும் இவ்வியல்பு ஒன்றின்மேலேயே கட்டப்பட்டவை எனலாம். மீன் மறைந்திருக்கும் இடத்தைக் காணுதல், அவ்விடத்தில் இரையை ஓசையின்றி வீழ்த்துதல், அதனை உயிருள்ளதுபோல் அசைத்தல் ஆகிய மூன்றே தூண்டிற்காரனின் தொழில்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். பண்டைக்காலத் தூண்டில், ஒரு கோலின் நுனியில் கட்டிய கயிறும் முள்ளுமேயாகும். கோலின் நீளத்துக்கும் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அதனால் எட்ட இயலாது. அந்த எல்லையை உடைத்தது உருளை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்ரக்கி மாநிலத்தின் பாரிஸ் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோர்ஜ் சினைடர் என்ற கடிகாரத் தொழிலாளர், பற்சக்கரங்கள் பொருத்திய உருளை ஒன்றைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால் இழை சுற்றும் உருளை பலமுறை சுழலும். அதனால் தொலைவில் எறிந்த இரையை விரைவாக இழுத்துக்கொள்ள முடிந்தது. கடிகாரம் செய்த கையே மீன்பிடி உருளையையும் செய்தது என்பது தற்செயலன்று; இரண்டிலும் பற்கள் உராய்வின்றிப் பொருந்துதல் வேண்டும்.

எனினும் இவ்வகை உருளையில் ஒரு தொல்லை இருந்தது. இரை பறக்கும் வேகம் குறைந்த பின்னரும் உருளை அதே வேகத்தில் சுழன்றால், மிஞ்சிய இழை குருவிக்கூடுபோற் சிக்குப்படும். பெருவிரலால் உருளையை மெல்லத் தடவி அடக்கும் பழக்கம் கைவந்தவனே நன்றாக எறிவான். மேலும், இழுக்கும்போது இழை ஒரே இடத்திற் குவியாது இடமும் வலமும் பரவுமாறு விரலாலேயே வழிகாட்டவும் வேண்டியிருந்தது. இப்பின்னைய குறையைப் போக்கும் பொறியமைப்பை ஆக்கி, 1897ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் தொழில் தொடங்கியவர், ஆங்கில நாடகப் புலவரின் பெயரையே தாங்கிய வில்லியம் சேக்ஸ்பியர் என்பவர். இன்றைய உருளைகளில் காந்தத்தாலும் பிற தடைகளாலும் வேகத்தை அடக்கும் அமைப்புகள் உள்ளன. ஆயினும் பழகிய பெருவிரலுக்கு அவை முற்றும் ஈடாகவில்லை.

கோலும் இழையும் இவ்வாறே மாறின. மூங்கிலைப் பிளந்து ஒட்டிய கோல்களுக்குப் பின் உருக்குக் கோல்களும், இரண்டாம் உலகப் போரின் பின் கண்ணாடி நார்க் கோல்களும், 1970களில் கரிநார்க் கோல்களும் வந்தன. கரிநார் பாரம் குறைந்தது, விறைப்பு மிகுந்தது. மீன் இரையை மெல்லத் தொட்டாலும் அவ்வதிர்வு இழைவழியே கோலுக்கும், கோல்வழியே உள்ளங்கைக்கும் வந்து சேரும். பட்டும் சணலும் இழையாக இருந்த காலத்தில், நாள்முடிவில் அவற்றை உலர்த்தாவிட்டால் உக்கிப்போகும். 1938ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலோன் இந்நிலையை மாற்றியது. நம் கடற்றொழிலாளர் தங்கூசி என வழங்கும் இழை அதுவே. இன்று நீரில் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத இழைகளும், பலவற்றைப் பின்னி ஆக்கிய மிக வலிய மெல்லிழைகளும் அதனோடு போட்டியிடுகின்றன.

கருவிகளுள் மனிதனின் கற்பனை மிகுதியும் விளையாடியது பொய்யிரையிலேயாகும். மிச்சிகன் மாநிலத்துத் தேனீ வளர்ப்பாளரான ஜேம்ஸ் ஹெடன், ஓடைக்கரையில் அமர்ந்து சீவிக்கொண்டிருந்த மரத்துண்டைத் தண்ணீரில் எறிய, அதனைப் பாஸ் ஒன்று பாய்ந்து தாக்கியது என்றும், அதுவே மரத்தாலான பொய்யிரைத் தொழிலுக்கு வித்திட்டது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெடனின் தொழிற்சாலை வண்ணந்தீட்டிய மர இரைகளை நாடெங்கும் அனுப்பியது.

இன்றுள்ள பொய்யிரைகளை அவை வேலை செய்யும் இடத்தைக்கொண்டு வகுக்கலாம். நீர்மட்டத்தில் மிதந்து சளசளவென ஒலித்துத் தவளைபோலவும் அடிபட்ட மீன்போலவும் நடிப்பவை ஒருவகை. முகத்தில் சிறு தகடு பொருந்தி, இழுக்குந்தோறும் தலைசாய்த்து நடுநீருக்குள் மூழ்கி நெளிபவை மற்றொரு வகை. கம்பியின் ஒரு முனையில் மின்னிச் சுழலும் உலோக இலைகளையும் மறுமுனையில் இறப்பர்ப் பாவாடையணிந்த முள்ளையும் கொண்டவை மூன்றாம் வகை. நான்காவது, அடிநிலத்தில் மெல்ல ஊர்ந்து செல்லும் மென்மையான புழு. ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரைச் சேர்ந்த நிக் கிரீம் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் பிளாஸ்ரிக்கால் அப்புழுவை வார்த்தெடுத்தார். முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து, முன்னே சிறு ஈயக்குண்டு ஒன்றைக் கோத்தால், அது பூண்டுகளிலும் மரக்கிளைகளிலும் சிக்காது நுழைந்து செல்லும். ரெக்சாஸ் முறை என்று இதற்குப் பெயர். பாஸ் புழுவைக் கவ்வியதும் தூண்டிற்காரன் கோலைச் சுண்டி இழுக்க, மறைந்திருந்த முள் வெளிப்பட்டு வாயிற் பதியும்.

அடுத்தது வள்ளம். தொடக்கத்தில் தட்டையான மரவள்ளமும் இரு துடுப்புகளுமே துணையாயிருந்தன. 1909ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஓல் எவின்றூட் வள்ளத்தின் பின்புறத்திற் கொளுவக்கூடிய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதனால் தொலைவு சுருங்கியது. ஆனால் அதன் இரைச்சல் கரையோர மீனை வெருட்டியது. 1934ஆம் ஆண்டில் வட டக்கோட்டா மாநிலத்தில் உருவான, பற்றரியால் ஓடும் சிறு மின்மோட்டார் அக்குறையை நீக்கியது. பாஸ் மீனுக்கெனவே திட்டமிட்ட முதல் வள்ளத்தை 1948ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்தின் ஹோம்ஸ் தேர்மன்ட் கட்டினார். தாழ்ந்த விளிம்பும் அகன்ற அடியும் கூரிய முகப்பும் கொண்ட அவ்வமைப்பின் சாயலைப் பின்வந்த வள்ளங்களிற் காணலாம்.

இன்றைய பாஸ் வள்ளத்தின் முன்தளம் எழுந்து நின்று எறிவதற்கு ஏற்றவாறு தட்டையாயிருக்கும். முகப்பில் உள்ள மின்மோட்டாரைக் காலால் மிதித்துத் திசைதிருப்பலாம்; ஆதலால் இரு கைகளும் கோலுக்கே உரியவை. பின்புறத்தில் உள்ள பெரிய இயந்திரம் 250 குதிரைவலுவரை இருப்பதுண்டு. நடுவில், பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி ஒன்று அமைந்திருக்கும். அதன் நீரை இறைப்பி ஒன்று இடைவிடாது புதுப்பித்து ஒட்சிசனைக் கலக்கும்.

இவையெல்லாவற்றிலும் வேட்டையின் தன்மையை மிகுதியும் மாற்றியது எதிரொலிக் கருவியே. நீரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் தூரம் செல்லும். வள்ளத்தின் அடியிலிருந்து அனுப்பும் ஒலித்துடிப்பு அடிநிலத்திற் பட்டு மீளும் நேரத்தைக்கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். மீனின் உடலுள் இருக்கும் காற்றுப்பையும் ஒலியை நன்கு எதிரொலிக்கும். போர்க்கப்பல்களில் நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்பட்ட இவ்வறிவை, சிறு வள்ளத்திற் கொண்டுசெல்லத்தக்க பெட்டிக்குள் அடக்கி, 1950களின் இறுதியில் தூண்டிற்காரர் கையிற் கொடுத்தார் கார்ல் லௌரன்ஸ். அதுவரை நீர்ப்பரப்பை மட்டும் கண்டவன் அப்போது வாவியின் பள்ளங்களையும் மேடுகளையும் கண்டான். 2018ஆம் ஆண்டளவில் வந்த புதிய வகையோ, வள்ளத்தின் முன்னே நீந்தும் மீனையும் அதனை நோக்கிச் செல்லும் இரையையும் அந்நேரமே திரையிற் காட்டுகின்றது. இது திறமையா, வெறும் பார்வையா என்ற வாதம் எழுந்தது. போட்டிகளை நடத்தும் அமைப்புகள் 2025ஆம் ஆண்டு முதல் இக்கருவிக்கு வரம்புகள் விதித்துள்ளன.

இத்தனை கருவிகளோடும் ஒரு கோடைநாளில் நீர்த்தேக்கத்துக்குச் செல்பவன் என்ன காண்பான்? விடியுமுன் நீர்ப்பரப்பில் மெல்லிய மூடுபனி தவழும். அவ்வேளையில் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் இரைதேடும். மிதக்கும் இரையை எறிந்து, சில நொடிகள் அசையாது விட்டு, பின் ஒருமுறை சுண்டினால், நீர் வெடித்தாற்போற் சிதறும். புதியவன் அவ்வோசையைக் கேட்டதுமே இழுத்துவிட்டு இரையை மீனின் வாயினின்றும் பறித்துக்கொள்வான். பழகியவனோ மீனின் பாரத்தைக் கோலில் உணரும்வரை பொறுப்பான். முள் பதிந்த பாஸ் நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும். அப்போது இழை தளர்ந்தால் இரை தெறித்துவிடும்.

வெயில் ஏறியதும் காட்சி மாறும். மீன் நிழலுக்கும் ஆழத்துக்கும் இறங்கும். அங்குப் புழுவைத் தரையோடு தரையாக மெல்ல இழுத்து, கல்லிற் படுவதும் கிளையிற் படுவதும் மீன் தொடுவதும் ஆகிய மூன்று அதிர்வுகளையும் விரலால் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மணிக்கணக்கில் எறிந்தும் ஒன்றும் படாத நாட்கள் உண்டு. காற்றின் திசை, நீரின் நிறம், சிறுமீன் கூட்டத்தின் போக்கு ஆகியவற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு விலையுயர்ந்த வள்ளமும் வெறும் இருக்கையே.

வள்ளத்தின் வேகத்தில் உயிராபத்தும் உண்டு. ஓடும் வள்ளத்திலிருந்து ஓட்டுபவன் தூக்கியெறியப்பட்டால், ஆளற்ற வள்ளம் நேரே செல்லாது வட்டமிட்டுத் திரும்பிவந்து நீரில் தத்தளிப்பவனையே தாக்குவதுண்டு. இதனைத் தடுக்க, ஓட்டுபவனின் உடலோடு ஒரு கயிற்றால் இணைந்த ஆளி பொருத்தப்படுகின்றது. ஆள் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த வள்ளங்களில் விரைந்து ஓடும்போது இவ்விணைப்பை அணிதல் வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அமெரிக்காவில் நாடு தழுவிய சட்டமாகும். உல்லாச வள்ள விபத்துகளில் மூழ்கி இறப்போரைப் பற்றி அந்நாட்டுக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றது: அவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்கள். அங்கி வள்ளத்தில் இருந்தது என்பது போதாது. உடலில் இருந்திருத்தல் வேண்டும்.

கருவிகள் இவ்வாறு வளருமுன் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூரலாம். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலத்தில், ஜோர்ஜியா மாநிலத்தின் மொன்ற்கொமரி வாவியில், ஜோர்ஜ் பெரி என்னும் இளம் உழவர் கையாற் செய்த வள்ளத்தில் நண்பரோடு சென்று பாஸ் ஒன்றைப் பிடித்தார். அதன் நிறை 22 இறாத்தல் 4 அவுன்சு. எதிரொலிக் கருவியுமில்லை, இயந்திரமுமில்லை. மீனை நிறுத்துப் பதிவுசெய்த பின், அது குடும்பத்தின் உணவாயிற்று. உலகப் பெருமீன் என்னும் பெயர் பெற்ற அது ஏழை வீட்டின் அடுப்புக்குச் சென்றதை எவரும் குறைகூற முடியாது. ஒரு மனிதன், ஒரு வள்ளம், ஒரு மீன்; வாவிக்கு அதனால் இழப்பு நேரவில்லை.

ஆனால் பின்வந்த பத்தாண்டுகளில் கணக்கு மாறியது. ஆறுகளை மறித்து எழுப்பிய பெரிய நீர்த்தேக்கங்கள் பாஸுக்குப் புதிய இருப்பிடமாயின. நல்ல சாலைகளும் வள்ளங்களும் எதிரொலிப் பெட்டிகளும் இலட்சக்கணக்கானோரை அங்குக் கொண்டுசேர்த்தன. 1967ஆம் ஆண்டில், அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்கொட் என்னும் காப்புறுதி முகவர், ஆர்க்கன்சோ மாநிலத்தின் பீவர் வாவியில் 106 பேரைத் திரட்டிப் பெரும் போட்டி ஒன்றை நடத்தினார். அடுத்த ஆண்டில் தூண்டிற்காரர் சங்கம் ஒன்றையும் நிறுவினார். அக்காலப் போட்டிகளில் பிடித்த மீன்களைக் கயிற்றிற் கோத்து, உயிரற்ற நிலையில் நிறுப்பதே வழக்கம். திறமையுடையோர் ஒரே வாவியிற் கூடிப் பிடித்தால் எஞ்சுவது யாது என்ற கேள்வியும் கண்டனமும் எழுந்தன.

ஆற்று மீனாகிய டிரவுட்டைப் பிடித்த உடனே நீரில் விடும் தூண்டிற்காரரைக் கண்ட ஸ்கொட், அதனைப் பாஸுக்கும் கொண்டுவர எண்ணினார். பிடித்ததைக் கொல்லாதே என்ற கொள்கையை 1972ஆம் ஆண்டில் அவர் போட்டிகளிற் புகுத்தினார். உயிர்த்தொட்டி கட்டாயமாயிற்று. இறந்த மீனைக் கொணர்ந்தவனுக்கு நிறையிற் கழிவு விதிக்கப்பட்டது. தண்டனையைவிட வெட்கமே பெரிதாக வேலை செய்தது. சில ஆண்டுகளுள், போட்டியிற் கலந்துகொள்ளாத சாதாரணத் தூண்டிற்காரரும் பாஸை நீரில் விடுவதைப் பெருமையாகக் கொண்டனர். ஸ்கொட் 2022ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடக்கிவைத்த வழக்கம் நிலைத்துவிட்டது.

விடுதல் என்பது வீசியெறிதல் அன்று. மீனின் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான பூச்சு நோயைத் தடுப்பது. உலர்ந்த கையோ உலர்ந்த தளமோ பட்டால் அது அழியும். கையை நனைத்தே பிடித்தல் வேண்டும். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிடாது வயிற்றையும் தாங்குதல் வேண்டும். கோடையில் சூடேறிய நீரில் ஒட்சிசன் குறைவு. ஆதலால் நீண்டநேரம் போராடவிட்ட மீன், நீந்திச் சென்றபின்னும் இறக்கக்கூடும். இளவேனிலில் இன்னும் ஒரு கவனம் தேவை. அப்பருவத்தில் ஆண்மீன் வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் தனியே காவல்காக்கும். அதனைச் சிறிது நேரம் அகற்றினாலும் சூழ்ந்திருக்கும் சிறுமீன்கள் கூட்டைச் சூறையாடிவிடும். ஆகவே கூட்டின்மேல் நிற்கும் மீனைத் தொடாது செல்வோரும் உளர்.

பிடித்த மீனை விடுவது எங்கும் எப்போதும் அறம் என்று கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை ஜப்பானில் உள்ளது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பாஸ் மீன்கள் அங்குள்ள அஷி வாவியில் விடப்பட்டன. காலப்போக்கில் அவை நாட்டின் பிற நீர்நிலைகளுக்கும் பரவி, நாட்டின் மிகப் பெரிய வாவியாகிய பிவாவையும் அடைந்து, உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் அவ்வாவியின் சிறுமீன்களை உண்ணலாயின. அவற்றோடு, பாஸின் உறவினமாகிய நீலச்செவுள் மீனும் பெருகிற்று. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்ற முடிக்குரிய இளவரசர் அக்கிஹிற்றோவுக்குச் சிக்காக்கோ நகரத்தார் அன்பளிப்பாக அளித்த மீன் அது. உணவுக்குப் பயன்படும் என்ற நல்லெண்ணத்தோடு அதனை நாட்டுக்குக் கொண்டுவந்த அவர், பேரரசராயிருந்த 2007ஆம் ஆண்டில், அதனால் விளைந்த கேட்டைக் குறித்து வெளிப்படையாகவே மனவருத்தம் தெரிவித்தார்.

2003ஆம் ஆண்டு முதல் பிவா வாவியில், பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடுதல் மாவட்ட விதியால் தடுக்கப்பட்டுள்ளது. அமெரிக்க வாவியில் நற்பண்பாகப் போற்றப்படும் அதே செயல் இங்கே தடுக்கப்பட்ட செயல்! அதே பிவா வாவியில் 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் மனாபு குரித்தா என்பவர் பிடித்த பாஸ், ஜோர்ஜ் பெரியின் மீனை ஓர் அவுன்சுக்குச் சற்றுக் குறைவான அளவால் மிஞ்சியது. முந்தியதை வெல்வதற்கு அவ்வேறுபாடு விதிப்படி போதாமையால், இரு மீன்களும் இன்று சமநிலையிற் பதிவாகியுள்ளன. அவர் பயன்படுத்திய இரை உயிருள்ள நீலச்செவுள் மீனாகும். அமெரிக்க மீன், அமெரிக்க மீனையே தின்று, ஜப்பானிய வாவியில் உலகப் பெருமீனாக வளர்ந்திருந்தது.

மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் நேர்ந்தது இன்னும் கொடிது. 1958ஆம் ஆண்டில், உல்லாசப் பயணிகளைக் கவரும் பொருட்டு அற்றிற்லான் வாவியில் பாஸ் விடப்பட்டது. அது அவ்வாவியின் சிறுமீன்களையும் நண்டுகளையும் குறைத்தது. அவற்றை நம்பி வாழ்ந்த, பறக்க இயலாத முக்குளிப்பான் பறவையின் குஞ்சுகளையும் விழுங்கியது. நாணல் வெட்டும், 1976ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் நீர்மட்டம் தாழ்ந்தமையும் சேர்ந்துகொள்ள, வேறெங்கும் இல்லாத அப்பறவை இன்று உலகினின்றே மறைந்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இப்பொருள் முற்றும் புறம்பானதன்று. நுவரெலியா மலையோடைகளில் டிரவுட் மீனை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கொணர்ந்து விட்டது தூண்டில் விளையாட்டுக்காகவே. 1950களின் தொடக்கத்தில் வந்த திலாப்பியாவோ நம் குளங்களிற் பெருகி எளியோரின் உணவாயிற்று. வெளிமீன் எல்லாம் தீது என்றோ நன்று என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. எந்த நீரில், எந்த மீனோடு, யாருடைய தேவைக்காக என்று கேட்டபின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும்.

சினைடரின் உருளை தொலைவை வென்றது. எவின்றூட்டின் இயந்திரம் நேரத்தை வென்றது. லௌரன்ஸின் பெட்டி ஆழத்தை வென்றது. இவற்றுள் ஒன்றாவது எப்போது நிறுத்துவது என்று தூண்டிற்காரனுக்குச் சொல்லித்தரவில்லை. உயிர்த்தொட்டியும், இயந்திரத்தை நிறுத்தும் கயிறும், கூட்டை விலகிச் செல்லும் வழக்கமும், புதுநீரில் அயல்மீனை விடாத விதியும் மனிதன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளக் கண்ட கருவிகள். கடையில் வாங்கும் கருவிகளோடு இவற்றையும் வள்ளத்தில் ஏற்றிச் செல்பவனுடைய பிள்ளைகளுக்கும் வாவியில் மீன் இருக்கும்.